பணம் கட்டியது யார்? இணைய விளம்பரத்தின் பொறுப்பாளரைக் கண்டறியும் வழி

தேர்தல் நேரத்தில் சென்னைத் தங்கசாலை வழியாக நடந்தால், சுவரொட்டிகளின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி தென்படும்: அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், முகவரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 127ஏ பிரிவு அந்த வரியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது இல்லாமல் தேர்தல் சுவரொட்டியையோ துண்டறிக்கையையோ அச்சிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம். "இவண்: பகுதிவாழ் பொதுமக்கள்" என்று முழ நீளத்துக்கு எழுதியிருந்தாலும், விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பார்கள். பொதுமக்கள் யாரும் கூடிக் காசு போட்டு அச்சகத்துக்குப் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இணையத்தில் வரும் விளம்பரத்துக்கு அச்சகமும் இல்லை, சுவரும் இல்லை. என் கைப்பேசியில் தெரிவது பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசியில் தெரியாமல் போகலாம். நாளை என் கைப்பேசியிலேயே இல்லாமலும் போகலாம். ஆனாலும் அங்கும் ஒரு பொடி எழுத்து உண்டு. அதை எங்கே தேடுவது, கிடைத்த பெயரை எப்படிச் சரிபார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பவற்றை இங்கே எழுதுகிறேன். தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் சிறிய பிரவுசிங் சென்டருக்குக் கைப்பேசியோடு வந்து "இதை யார் போட்டது?" என்று கேட்பவர்கள் கட்சிக்காரர்கள் மட்டும் அல்லர். கடன் செயலி, பங்குச்சந்தை யோசனை, பொன்னேரிப் பக்கம் மனை, கப்பல் வேலை என்று அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட தொழில்களின் விளம்பரங்களைக் காட்டிக் கேட்பவர்களே அதிகம். இரண்டு வகைக்கும் தேடும் முறை பாதி தூரம் வரை ஒன்றுதான். அதன் பிறகு வழி பிரிகிறது.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே விளம்பரத்தில் நான்கு பேர் இருக்கலாம். எந்தப் பக்கத்தின் பெயரில் விளம்பரம் வந்ததோ அந்தப் பக்கத்தை நடத்துபவர் ஒருவர்; அதற்குப் பணம் கட்டியவர் இன்னொருவர்; படத்தையும் வாசகத்தையும் தயாரித்து, விளம்பரக் கணக்கை இயக்கிக்கொடுக்கும் ஏஜென்சி வேறொருவர்; விளம்பரத்தால் பலன் அடையும் வேட்பாளரோ கட்சியோ நிறுவனமோ மற்றொருவர். நால்வரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு. நாம் தேடுவது பணம் கட்டியவரையும் பலன் பெறுபவரையும். விளம்பரத்தின் கீழே தெரியும் பெயர் விளம்பரதாரர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. அதைச் சரிபார்க்கும் வரை அது வெறும் கூற்றுதான்.

விளம்பரம் மறைவதற்குள் பதிவு செய்யுங்கள்

காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகனுக்குக் கப்பலில் வேலை என்ற விளம்பரத்தைப் பார்த்து, அதிலிருந்த வாட்ஸ்அப் எண்ணில் பேசி, "பதிவுக் கட்டணம்" கட்டிய பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. விளம்பரத்தைக் காட்டுங்கள் என்றேன். அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. பக்கத்தின் பெயரும் அவருக்கு நினைவில்லை. அந்த வாட்ஸ்அப் எண்ணைத் தவிர எங்கள் கையில் எதுவும் இல்லை.

ஆகவே, எதையும் தேடுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும். பக்கத்தின் பெயர், அதன் கீழே விளம்பரம் என்பதைக் குறிக்கும் 'ஸ்பான்சர்டு' என்ற சொல், முழு வாசகம், படம், பொத்தான் எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரண்டு மூன்று படங்களாக எடுக்கலாம். கைப்பேசியின் மேல்பட்டையில் இருக்கும் நேரத்தை வெட்டிவிடக் கூடாது. பொத்தானைத் தொட்டால் திறக்கும் இணையதளத்தின் முழு முகவரியை நகலெடுத்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப் திறந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே உங்கள் பெயரையோ ஆதார் எண்ணையோ ஒருபோதும் நிரப்பிப் பார்க்கக் கூடாது. தேதியையும் யாருடைய கைப்பேசியில் பார்த்தது என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது பழைய பழக்கமாகத் தோன்றலாம். புகார் எழுதும் நாளில் அந்த நோட்டுத்தான் கைகொடுக்கும்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அரசியல், தேர்தல், சமூகப் பிரச்சினை என்ற வகையில் வரும் விளம்பரங்களை மெட்டா நிறுவனம் ஏழு ஆண்டுகள் வரை தன் விளம்பர நூலகத்தில் வைத்திருக்கிறது. மற்ற வணிக விளம்பரங்களோ, நம் நாட்டைப் பொறுத்தவரை, ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அங்கே தெரியும். நிறுத்திய பிறகு காணாமல் போய்விடும். அரசியல் விளம்பரத்தை அடுத்த மாதமும் தேடிப் பிடிக்கலாம். கடன் விளம்பரத்தை இன்றே பிடித்தால்தான் உண்டு.

மெட்டாவின் விளம்பர நூலகத்தில் தேடுதல்

'மெட்டா ஆட் லைப்ரரி' என்று தேடினால் நூலகத்தின் பக்கம் கிடைக்கும். அதைப் பார்க்க ஃபேஸ்புக் கணக்கு வேண்டியதில்லை. நாடாக இந்தியாவையும், விளம்பர வகையாக 'சமூகப் பிரச்சினைகள், தேர்தல்கள் அல்லது அரசியல்' என்பதையும் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் பெயரையோ விளம்பர வாசகத்தில் இருந்த ஒரு சொல்லையோ தமிழிலேயே கொடுக்கலாம். 'ஆர்.கே. நகர்' என்ற தொகுதிப் பெயரைச் சிலர் ஆங்கிலத்திலும், சிலர் 'ராதாகிருஷ்ணன் நகர்' என்று முழுதாகவும் எழுதுவார்கள். ஆகவே எல்லா வடிவங்களிலும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. வணிக விளம்பரமாக இருந்தால் 'அனைத்து விளம்பரங்கள்' என்ற வகையில் பக்கத்தின் பெயரைத் தேட வேண்டும்.

கிடைத்த விளம்பரத்தின் மேல் ஒரு நூலக எண் இருக்கும். சுவரொட்டிக்கு அச்சக வரி எப்படியோ, இணைய விளம்பரத்துக்கு அந்த எண் அப்படி. அதை எழுதிக்கொண்டால் யாரும் எங்கிருந்தும் அதே விளம்பரத்தைத் திறந்து பார்க்க முடியும். அரசியல் விளம்பரமானால், பக்கத்தின் பெயருக்குக் கீழே, பணம் கட்டியவர் இன்னார் என்ற அறிவிப்பு வரி இருக்கும். விவரங்களைத் திறந்தால் செலவான தொகையும் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதும் ஒரு வரம்பாகத் தெரியும். பார்த்தவர்களின் வயது, பாலினம், மாநிலம் ஆகியவையும் தெரியும். விளம்பரதாரர் கொடுத்திருக்கும் தொலைபேசி எண், மின்னஞ்சல், இணையதளம், முகவரி ஆகியவையும் அங்கேயே இருக்கும். இடம் பற்றிய கணக்கு மாநில அளவோடு நின்றுவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். 'தமிழ்நாடு 100 விழுக்காடு' என்று இருப்பதை வைத்து, இது இராயபுரத்து வாக்காளர்களுக்கு மட்டும் காட்டப்பட்டது என்று எழுதிவிடக் கூடாது.

அறிவிப்பு வரியே இல்லாமல் ஓடிய அரசியல் விளம்பரமும் நூலகத்தில் அகப்படும். கட்டாய அறிவிப்பு இல்லாததால் நிறுத்தப்பட்டது என்ற குறிப்போடு அது அங்கே கிடக்கும். பெயர் இல்லை என்று சலித்துக்கொண்டு மூடிவிடாமல், அதையும் பதிவு செய்ய வேண்டும். பெயர் போடாமல் ஓடியது என்பதே புகாருக்கு உரிய செய்தி. நூலகத்தோடு இணைந்த அறிக்கைப் பகுதியில் எந்தப் பக்கம், எந்த அறிவிப்புப் பெயரில், எவ்வளவு செலவழித்தது என்ற பட்டியல் உண்டு. ஒரே பக்கம் இரண்டு மூன்று அறிவிப்புப் பெயர்களில் பணம் கட்டியிருப்பதும், ஒரே அறிவிப்புப் பெயரின் கீழ் தொடர்பில்லாதவை போலத் தோன்றும் நான்கைந்து பக்கங்கள் இயங்குவதும் அங்கேதான் வெளிச்சத்துக்கு வரும். தனித்தனி விளம்பரங்களை ஒரு மணி நேரம் புரட்டுவதைவிட அந்தப் பட்டியலில் கால் மணி நேரம் செலவழிப்பது மேல்.

பக்கத்தின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 'பக்க வெளிப்படைத்தன்மை' என்ற பகுதியில் பக்கம் தொடங்கிய நாள், அதற்கு முன்பு இருந்த பெயர்கள், நடத்துபவர்கள் இருக்கும் நாடு ஆகியவை இருக்கும். நேற்று வரை ஒரு நடிகரின் ரசிகர் பக்கமாகவோ மீம் பக்கமாகவோ இருந்தது, தேர்தல் அறிவித்த வாரத்தில் தொகுதியின் பெயரைச் சூட்டிக்கொண்டு 'நடுநிலை'யாகப் பேசத் தொடங்கியிருக்கும். பின்தொடர்பவர்களோடு சேர்த்துப் பக்கத்தையே கைமாற்றிவிட்டிருக்கக்கூடும் என்று ஐயப்பட அது இடம் தருகிறது; ஆனால் யார் வாங்கினார் என்பதற்கு அது சான்று ஆகாது.

யூடியூபும் கூகுளும்

யூடியூப் விளம்பரத்தின் மேல் இருக்கும் மூன்று புள்ளியையோ தகவல் குறியையோ தொட்டால் விளம்பரதாரரின் பெயரும் அவருடைய நாடும் தெரியும். அதே பெயரை 'கூகுள் ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர்' என்ற, 2023-இல் தொடங்கப்பட்ட தேடுதளத்தில் போட்டால் அவர் ஓட்டும் மற்ற விளம்பரங்களும் வரும். அங்கே தெரியும் பெயர் ஆவணம் கொடுத்துச் சரிபார்க்கப்பட்ட பெயர் என்பதால், பக்கப் பெயரைவிட நம்பகமானது. ஆனால் கணக்கு ஏஜென்சியின் பெயரில் சரிபார்க்கப்பட்டிருந்தால் ஏஜென்சியின் பெயரே வரும்.

கூகுளும் மெட்டாவும் 'அரசியல் விளம்பரம்' என்பதற்கு ஒரே பொருள் கொள்வதில்லை. இந்தியாவில் கூகுள் தேர்தல் விளம்பரமாகக் கொள்வது, கட்சியையோ வேட்பாளரையோ பதவியில் இருக்கும் மக்களவை, சட்டமன்ற உறுப்பினரையோ காட்டும் விளம்பரங்களை. அப்படிப்பட்ட ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தேர்தல் ஆணையத்தின், அல்லது அதனால் அதிகாரம் பெற்றவர்களின், முன்சான்று வேண்டும் என்று அந்நிறுவனம் 2019 முதல் கேட்கிறது. எண்ணூர்ச் சாம்பலைப் பற்றியோ கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கைப் பற்றியோ யார் பெயரையும் சொல்லாமல் ஒரு காணொளி விளம்பரம் வந்தால், மெட்டாவில் அது சமூகப் பிரச்சினை என்ற வகைக்குள் வரலாம். கூகுளில் சாதாரண விளம்பரமாகவே போய்விடலாம். ஆகவே கூகுளின் அரசியல் பட்டியலில் ஒரு பெயர் இல்லை என்பதை வைத்து, அவர் விளம்பரம் செய்யவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. பொதுத் தேடலிலும் பார்க்க வேண்டும்.

பெயரிலிருந்து ஆளுக்கு

இங்கேதான் வேலையே இருக்கிறது. நான் சறுக்கியதும் இங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளம்பரத்தின் அறிவிப்பு வரியில் ஒரு நற்பணி மன்றத்தின் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் வியாசர்பாடியில் ஒரு மன்றம் இருப்பது எனக்குத் தெரியும் என்பதால், அவர்கள்தான் என்று கேட்டவரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் அந்த மன்றத்தின் செயலாளர், எழுபதைத் தாண்டிய பெரியவர், படியேறி வந்து, "தம்பி, எங்க மன்றத்துல கேரம் போர்டு வாங்கவே காசு இல்ல, நாங்க எங்கப்பா ஃபேஸ்புக்குக்குப் பணம் கட்டுறது?" என்று கேட்டார். அதே தலைவரின் பெயரில் கொடுங்கையூரில் இன்னொரு மன்றம் இருந்தது. வடசென்னையில் ஒரு தலைவரின் பெயரில் பத்து மன்றம் இருக்கும் என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. அன்று அவசரத்தில் மறந்துபோனேன்.

அன்று முதல், பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து யாரையும் சுட்டுவதில்லை. பெயரோடு இன்னும் இரண்டு விவரங்களாவது, அதாவது முகவரி, தொலைபேசி, பதிவு எண், இணையதளம் இவற்றில் இரண்டு, பொருந்த வேண்டும். முகவரியைப் பொருத்துவதற்கு நம் ஊரில் தனிப் பொறுமை வேண்டும். சென்னையின் கதவுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. விளம்பர நூலகத்தில் புதிய எண்ணும் அரசுப் பதிவில் பழைய எண்ணும் இருந்தால் இரண்டு இடங்கள் போலத் தோன்றும், ஆனால் வீடு ஒன்றாக இருக்கும். மாறாக, 'நேரு நகர் முதல் தெரு' போன்ற பெயர்கள் பல பகுதிகளில் உண்டு. அதனால் அஞ்சல் குறியீட்டைப் பார்க்க வேண்டும்: வியாசர்பாடி 600039, கொடுங்கையூர் 600118, தண்டையார்பேட்டை 600081, திருவொற்றியூர் 600019. தெருப் பெயர் பொருந்தி அஞ்சல் குறியீடு பொருந்தாவிட்டால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். அன்று 600118-ஐ நான் கவனித்திருந்தால் அந்தப் பெரியவர் மூன்று மாடி ஏறியிருக்க மாட்டார்.

பணம் கட்டியவர் ஒரு நிறுவனமாக இருந்தால் மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதன் அடிப்படை விவரங்களைப் பார்க்கலாம். நிறுவனத்தின் 21 இலக்க அடையாள எண்ணே பல செய்திகளைச் சொல்லும்: அதிலுள்ள இரண்டு எழுத்து பதிவு மாநிலம், அடுத்த நான்கு இலக்கம் பதிவான ஆண்டு, அதற்கடுத்த மூன்று எழுத்து நிறுவனத்தின் வகை. 'இருபது ஆண்டு அனுபவம்' என்று விளம்பரத்தில் சொல்லும் நிறுவனத்தின் எண்ணில் 2024 என்று இருந்தால், மேற்கொண்டு கேள்வி கேட்கக் காரணம் கிடைத்துவிட்டது.

இணையதளத்தின் அடியிலோ ரசீதிலோ ஜிஎஸ்டி எண் இருந்தால் அது இன்னும் வசதி. ஜிஎஸ்டி இணையதளத்தின் தேடலில் அந்த 15 இலக்கத்தைக் கொடுத்தால் சட்டபூர்வமான பெயர், வணிகப் பெயர், பதிவான நாள், முதன்மை வணிக இடம், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பவை வரும். எண்ணைப் பார்த்த உடனேயே சிலவற்றைச் சொல்லிவிடலாம்: முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, அதையடுத்த பத்தும் பான் எண், மொத்த எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்து உரிமையாளரின் வகை. அது 'பி' என்றால் தனிநபர், 'சி' என்றால் நிறுவனம், 'எஃப்' என்றால் கூட்டுப் பங்காண்மை, 'டி' என்றால் அறக்கட்டளை. 'பிரைவேட் லிமிடெட்' என்று பலகை மாட்டிக்கொண்டு எண்ணில் 'பி' இருந்தால், அங்கே நிறுவனம் இல்லை, ஒரு தனிமனிதர்தான் இருக்கிறார் என்று பொருள்.

மன்றங்களும் சங்கங்களும் பதிவு செய்திருந்தால் அது பெரும்பாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் இருக்கும். பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதன் ஆவணங்கள் உண்டு. இணையதளப் பெயரைப் பதிவு செய்தவர் யார் என்று தேடும் வசதியும் இருக்கிறது. ஆனால் இப்போது பெரும்பாலான பதிவுகளில் பெயர் மறைக்கப்பட்டிருப்பதால், பதிவான தேதியைத் தவிர அதிகம் கிடைக்காது.

தேடல் ஒரு தனிமனிதரின் வீட்டு முகவரியில் போய் முடிந்தால், அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதோ கூடாது. அந்த முகவரி புகார் மனுவுக்கு உரியது. பெயரைக் கடன் கொடுத்துவிட்டு எதுவும் தெரியாமல் இருக்கும் ஏழைத் தொழிலாளியாகவும் அவர் இருக்கலாம்.

ஒழுங்குமுறைக்கு உட்பட்ட தொழில்களின் விளம்பரங்கள்

இவற்றில் தேடல் தலைகீழாக நடக்கும். அரசியல் விளம்பரத்தில் பணம் கட்டியவரிடமிருந்து பலன் பெறுபவரை நோக்கிப் போகிறோம். இங்கே விளம்பரத்தில் சொல்லப்படும் உரிம எண்ணை எடுத்து, அதைக் கொடுத்த அமைப்பின் பதிவேட்டில் தேடி, அங்கிருக்கும் பெயரும் தொலைபேசியும் விளம்பரத்தில் இருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறோம். எண் உண்மையாக இருப்பது மட்டும் போதாது. யாரோ ஒருவரின் உண்மையான எண்ணைத் திருடிப் போடுவது மோசடிக்காரர்களின் வழக்கமான வேலை. எனவே பேச வேண்டுமானால் பதிவேட்டில் இருக்கும் எண்ணை அழைத்து, "இந்த விளம்பரம் உங்களுடையதா?" என்று கேட்க வேண்டும், விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அழைத்தால், ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

பங்குச்சந்தை யோசனை சொல்பவர்களுக்கு, அந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் பதிவு வேண்டும்: 'ஐஎன்ஏ' என்று தொடங்கும் எண் முதலீட்டு ஆலோசகருக்கும், 'ஐஎன்ஹெச்' என்று தொடங்குவது ஆய்வாளருக்கும், 'ஐஎன்இசட்' என்று தொடங்குவது பங்குத் தரகருக்கும் உரியவை. இந்தியர்களுக்குக் காட்டப்படும் பங்கு, முதலீட்டு விளம்பரங்களில் பணம் கட்டுபவரும் பலன் பெறுபவரும் சரிபார்க்கப்பட வேண்டும் என்ற விதியை மெட்டா 2025 ஜூலை 31 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடன் செயலிகளுக்கு, 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. செயலியின் பெயரைத் தேடினால் அதன் பின்னால் இருக்கும் வங்கியோ நிதி நிறுவனமோ தெரியும். பட்டியலில் செயலி இல்லை என்றால், கடன் தருபவர் யார் என்று எழுத்தில் கேட்டுப் பதில் வரும் வரை ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

மனை விளம்பரங்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். மீஞ்சூர், பொன்னேரி, செங்குன்றம் என்று வாரம் ஒரு புதிய 'நகர்' உதயமாகிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, திட்ட விளம்பரத்தில், மனை, வீட்டுத் திட்டங்களைப் பதிவு செய்யும் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் இணையதள முகவரியும் பதிவு எண்ணும் பளிச்சென்று இருக்க வேண்டும். தமிழ்நாடு ரெராவின் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் மனைப்பிரிவை உருவாக்கியவரின் பெயர் கிடைக்கும். விளம்பரத்தைப் போட்டவர் பெரும்பாலும் முகவராக இருப்பார். அவருக்கும் தனிப் பதிவு எண் உண்டு. ஆனால் விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பி முன்பணம் கட்டி நட்டப்பட்டவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பை அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு திட்டத்தை உருவாக்கியவர் மீது வைக்கிறது. ஆகவே முகவரின் பெயரோடு நின்றுவிடக் கூடாது.

கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தரும் 'ஆர்பிஎஸ்எல்' உரிமம் வேண்டும். பட்டியல் அந்த இயக்குநரகத்தின் தளத்தில் இருக்கிறது. உரிமம் பெற்றவர் வேலை தேடி வருபவரிடம் பணம் வாங்கவே கூடாது என்பது விதி. காசிமேட்டு அம்மாவுக்கு இந்த ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால், விளம்பரதாரரைத் தேடும் வேலையே வந்திருக்காது.

தேர்தல் விளம்பரத்தில் மேற்கொண்டு செய்ய வேண்டியவை

வடசென்னைக்குத் தேர்தல் பணத்தின் தடம் புதிய செய்தி அல்ல; 2017 ஏப்ரல் 12 அன்று நடக்க இருந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்து, பின்னர் டிசம்பர் 21 அன்று நடத்தியது. அன்று பணம் வீடு வீடாக நடந்து போயிற்று. இணைய விளம்பரத்துக்குச் செலவாகும் பணம் யார் கண்ணிலும் படாமல் போகிறது என்பதால்தான் அதன் கணக்கைக் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்க்கு மேலும் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேலும் செலவழிக்கக் கூடாது என்பது 2022 முதல் உள்ள வரம்பு. 'நண்பர்கள்', 'நலன் விரும்பிகள்' என்ற பெயரில் வரும் விளம்பரம் அந்த வரம்புக்குள் வருகிறதா, வெளியே நிற்கிறதா என்பதே நம் கேள்வியின் உயிர்நாடி.

முதலில் வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் திறந்து பார்க்க வேண்டும். படிவம் 26 எனப்படும் அதில் வேட்பாளர் தம் சமூக ஊடகக் கணக்குகளையும் குறிப்பிட வேண்டும். விளம்பரம் ஓட்டிய பக்கம் அந்தப் பட்டியலில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால், அது வேட்பாளருடையது அல்ல என்றும் பொருளாகாது, அவர் மறைத்தார் என்றும் பொருளாகாது. அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

அந்தக் கேள்வி, விளம்பரத்துக்கு முன்சான்று இருக்கிறதா என்பது. தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு 2004 ஏப்ரலில் வந்த இந்த ஏற்பாட்டைத் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபர் 25-இல் சமூக ஊடகங்களுக்கும் விரித்தது. மாவட்ட அளவில் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு அதைப் பார்க்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியும் வேட்பாளரும் மூன்று நாளுக்கு முன்பும், மற்றவர்கள் ஏழு நாளுக்கு முன்பும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் தயாரிப்புச் செலவும் வெளியிடும் செலவும் இருக்கும்; கட்சியும் வேட்பாளரும் அல்லாத மூன்றாமவர் என்றால், இது எந்தக் கட்சியின் அல்லது வேட்பாளரின் பலனுக்காகவும் அல்ல, அவர்கள் பணமும் தரவில்லை என்று உறுதிமொழி கொடுத்திருப்பார். விளம்பரத்தில் வேட்பாளரின் படம் சிரித்துக்கொண்டிருக்க, அந்த உறுதிமொழி கோப்பில் கிடந்தால் உங்கள் புகாருக்கு வேறு அலங்காரம் வேண்டாம். ஒருவர் தம் சொந்தக் கணக்கில் காசு கட்டாமல் எழுதும் பதிவு அரசியல் விளம்பரம் ஆகாது என்பதையும், அதற்கு முன்சான்று தேவையில்லை என்பதையும் மறக்கக் கூடாது. விளம்பரமாகக் காசு கொடுத்துப் பரப்பப்பட்டது என்பதற்கு நூலக எண்தான் சான்று.

வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வது, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவின்படி குற்றம். அபராதம் 10,000 ரூபாய் வரை. ஆகவே 'நலன் விரும்பிகள்' இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அனுமதி இருந்தது என்றால் செலவு வேட்பாளரின் கணக்கில் வர வேண்டும். இல்லை என்றால் அவர்கள் மீதே வழக்கு வரும்.

புகாரில் என்ன எழுதுவது, யாருக்கு அனுப்புவது

சென்னை மாவட்டத் தேர்தல் அலுவலர், ரிப்பன் மாளிகையில் இருக்கும் மாநகராட்சி ஆணையர். ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் திருவொற்றியூர் தொகுதி திருவள்ளூர் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் ஒன்றாக இருந்தது. மாநகராட்சி எல்லைக்குள் குடியிருப்பதால் எல்லாப் புகாரும் ரிப்பன் மாளிகைக்குத்தான் என்று நினைத்து அனுப்பினால் மனு சுற்றிக்கொண்டிருக்கும். தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் அந்த இடத்திலேயே பதிவு செய்ததைத்தான் அனுப்ப முடியும் என்பதால், அது துட்டு கொடுப்பதைப் பிடிக்க நல்ல கருவி. இணைய விளம்பரத்துக்கு எழுத்து மனுவே சரி.

மனுவில் நூலக எண், பக்கத்தின் பெயர், அறிவிப்பு வரியில் உள்ள பெயர், ஓடிய நாட்கள், காட்டப்பட்ட செலவு வரம்பு, விளம்பரத்தில் பெயரோ படமோ உள்ள வேட்பாளர், நீங்கள் பொருத்திப் பார்த்த பதிவு எண் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே எழுதி, ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்தால் போதும். "இன்னார்தான் செய்தார்" என்று எழுதாமல், "நூலகத்தில் இவ்வாறு காட்டப்பட்டுள்ளது, இந்த முகவரி இந்தப் பதிவோடு பொருந்துகிறது, முன்சான்று பெறப்பட்டதா என்பதையும் இந்தச் செலவு கணக்கில் சேர்க்கப்பட்டதா என்பதையும் தெரிவிக்கவும்" என்று எழுத வேண்டும். அவதூறு வழக்குக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை; குற்றச்சாட்டைப் படிக்கும் அதிகாரி அதை ஒதுக்கி வைக்கக் காரணம் தேடலாம், கேள்வியைப் படிக்கும் அதிகாரி பதில் எழுதியாக வேண்டும்.

விளம்பரத்தைக் காட்டிய தளத்திலும் புகார் செய்யலாம். தகவல் தொழில்நுட்ப விதிகள், 2021-இன்படி அதன் குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். மோசடியில் பணம் போயிருந்தால் இந்தத் தேடல் எதற்கும் காத்திருக்காமல் முதலில் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

தேர்தல் புகாருக்கு வாக்குப்பதிவுக்கு முன்பே பதில் வருவது அரிது. அப்போதும் நோட்டுப் புத்தகத்தை எறிந்துவிட வேண்டாம். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும்; ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி யாரும் அதைப் பார்வையிடலாம். நீங்கள் குறித்துவைத்த நூலக எண்களையும் தொகைகளையும் கையில் வைத்துக்கொண்டு, இணைய விளம்பரச் செலவு என்ற வரியை அந்தக் கணக்கில் தேடுங்கள்.